புத்தகம் யார் கையில்

நாட்டு மருந்துக் கடையில் இன்று கடுக்காய் இடிக்கும் வாசம் வந்ததும், ஆம்பூரில் கடுக்காய்த் தூள் போட்டுத் தோல் பதனிடும் ஷெட்டுக்குப் பின்னால், காயப்போட்ட தோல்களுக்கு நடுவே சின்ன வயதில் நானும் என் தோழி ஷமீமும் தினமும் நடந்த இடம் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே வீடுகள். அவள் நடந்துகொண்டே பாடம் ஒப்பிப்பாள், நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து தப்பைச் சொல்வேன். ஐந்தாவதோடு நான் பள்ளியை விட்டு நின்றுவிட்டேன், மேலே படித்த அவளுக்கு இங்கிலீஷ் இலக்கணம் வந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாததால், புத்தகம் அவளோடு படித்த ஷெட் கிளார்க் மகள் தேவி கைக்குப் போனது. "ஐ ஏட், ஐ ஹேவ் ஈட்டன்" என்று இருவரும் ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

"ரெண்டும் சாப்ட்டேன்தானே, இன்னாடி வித்தியாசம்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மொதல்ல சொன்னது எப்பவோ சாப்ட்டது. ரெண்டாவது, சாப்ட்ட வயிறு இன்னும் ரொம்பி கீது," என்றாள் தேவி. "ஒனக்கு இன்னாத்துக்குடி அது?"

"பாவம்டி, இன்னிக்கி அவளே புடிக்கட்டும்," என்று ஷமீம் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சம் போனதும் அவளுக்கு அடுத்த வரி மறந்துபோய், பழைய பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தாள். நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் காத்திருந்துவிட்டு, என்னைத் தாண்டிப் பார்த்து, "தேவி, அடுத்தது இன்னாடி?" என்றாள்.