பத்துக்குப் பத்துக்குப் பத்து

"வாசிப்பு நல்லா இருக்கு சார். ஆனா அண்டாக்குள்ள உட்கார்ந்து வாசிச்ச மாதிரி கேக்குது" என்றார் சென்னையிலிருந்து பேசிய அந்தப் பெண். ஒலிப்புத்தகம் போடும் நிறுவனம் அவர்களுடையது. நாற்பது அத்தியாய நாவல் ஒன்றுக்குக் குரல் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பத்து நிமிட மாதிரி அனுப்பியிருந்தேன். "திங்கட்கிழமைக்குள்ள இன்னொரு தடவை அனுப்புங்க. அதுக்கு மேல எங்களால காத்திருக்க முடியாது."

அன்று புதன்.

இன்ஜினியரிங் முடித்து இரண்டு வேலைகளை நானாகவே விட்டவன் நான். இந்த நாவல் கிடைத்தால்தான் இனி இதுதான் என் தொழில் என்று வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியும். தெருவெல்லாம் பட்டறைகளாக இருக்கும் கணபதிப் பகுதியில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் ஒற்றை அறைதான் என் ஸ்டுடியோ. ஒரு மைக், ஒரு லேப்டாப், ஒரு நாற்காலி. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச்.

அண்டா என்றதும் ஸ்பாஞ்ச் போதவில்லை என்று முடிவு கட்டினேன். யோசிப்பதற்குள் செய்துவிடுவது என் வழக்கம். வியாழன் மதியத்துக்குள் இன்னும் இருபது ஸ்பாஞ்ச் அட்டை வாங்கி வந்து, கூரை வரை ஒட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, உள்ள கரடி படுத்திருக்கற மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பதிவு செய்து கேட்டேன். முன்னைவிட மோசம். ச, ஸ எல்லாம் போர்வைக்குள் பேசியதுபோல் மங்கிவிட்டன. குரலுக்கு அடியில் அண்டா மாதிரி முழங்கும் 'ஊம்' மட்டும் அப்படியே இருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கூர்மையான ஓசைகளின் அலை குட்டையானது, இரண்டு அங்குல ஸ்பாஞ்சுக்கு அடங்கிவிடும். தடித்த ஓசையின் அலை பல அடி நீளம், ஸ்பாஞ்சைச் சட்டையே செய்யாது. என் குரலை மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு ஏறக்குறைய நூற்றுப் பன்னிரண்டு அதிர்வு. அதன் அலை ஒன்றின் நீளத்தைக் கணக்குப் போட்டால் பத்தடி வந்தது. டேப்பை எடுத்து அறையை அளந்தேன். நீளம் பத்தடி. அகலம் பத்தடி. உயரமும் பத்தடி.

அலையின் நீளத்தோடு அறையின் ஒரு பக்கம் பொருந்தினாலே ஓசை வீங்கும். எனக்கு மூன்று பக்கமும் பொருந்தியிருந்தது.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அடுத்த கவலை. அந்த அறையைக் கட்டியது அவர். பம்ப் பாகங்கள் கடையும் லேத்தில் முப்பது வருடமாக நிற்பவர். கட்டும்போது மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்து, ஒரு பக்கம் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுகிறது என்று கொத்தனாரை இரண்டு வரிசை செங்கல்லைப் பிரிக்க வைத்தவர். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய், "எந்தப் பக்கம் வேணும்னாலும் அளந்து பாருங்க" என்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். ஒரு பக்கம் ஒன்றரை அடி உள்ளே தள்ளி பிளைவுட் சுவர் வைக்கலாம் என்று யோசனையும் சொன்னேன்.

"சதுரமாக் கட்டுனது தப்புங்கற."

"தப்பில்லீங்ப்பா. குடியிருக்க நல்ல ரூமு. பேசறதுக்குத்தான்…"

"பேசறதுக்கு ஆகாத ரூமுல எப்படிடா குடியிருக்கறது?"

பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை லேத் அரை நாள்தான். மதியம் டேப்புடன் அவரே மேலே வந்தார். "எங்க வெக்கோணும் உன்ற பிளைவுட்ட?" நான் ஸ்பீக்கரில் அந்த நூற்றுப் பன்னிரண்டு அதிர்வை மட்டும் ஓடவிட்டிருந்தேன்.

"என்றா இது, கம்ப்ரசர் கணக்கா?"

"இதுதானுங்ப்பா என்ற குரலு."

"இத்தனை கேவலமாவா இருக்கும்?" என்றபடி, சுவரை அளக்க மூலைப் பக்கமாகக் குந்தினார். டேப்பை இழுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நிறுத்திப்போட்டயா?"

"இல்லீங்ப்பா. ஓடிட்டுத்தான் இருக்குது."

எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "நின்னா கேக்குது. உக்காந்தா கேக்கறதில்ல."

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உண்மைதான். அந்த 'ஊம்' எங்கோ அடுத்த வீட்டில் ஓடுவதுபோல் மெலிந்திருந்தது. தலையை நகர்த்தி நகர்த்தி இடம் தேடினோம். அப்பா சாக்பீஸால் குறி போட்டு அளந்தார். இரண்டு சுவர்களிலிருந்தும் இரண்டரை அடி. தரையிலிருந்தும் இரண்டரை அடி. பத்தில் கால் பங்கு. அந்த அலை அடங்கும் இடம் அதுதான் என்று நான் படித்த பக்கத்திலேயே இருந்தது. படம் பார்த்துவிட்டுத் தாண்டியிருந்தேன். நாற்காலியையோ, நாலு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று நட்டநடுவில் போட்டிருந்தேன். ஓசை அதிகம் வீங்கும் இடம் அது. அப்பாவின் பிள்ளைதானே.

"அரை நூல் தப்பியிருந்தா இத்தனை சுத்தமா அளவு வருமா?" என்றார் அப்பா.

அறை கோணலாக இருந்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது என்று சொல்ல நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வராதுங்ப்பா" என்றேன்.

பிளைவுட் யோசனையைக் கைவிட்டோம். நாற்காலியை வெளியே போட்டேன். புதிதாக ஒட்டிய ஸ்பாஞ்சைப் பிய்த்தேன். மூலைகளில் தேங்கும் தடித்த ஓசையை வாங்கிக்கொள்ள இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினேன்.

"விருந்தாளி வந்தா எதுல படுக்க வெக்கறது?" என்றார் அம்மா.

"மேல அனுப்பி வெய்யி. நின்னுட்டே தூங்கட்டும்" என்றார் அப்பா.

ஞாயிறு காலை, தெருவில் ஒரு பட்டறையும் ஓடவில்லை. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வாய் சரியாக இரண்டரை அடிக்கு வர, அடியில் ஒரு தலையணை தேவைப்பட்டது. பத்து நிமிடத்தையும் ஒரே மூச்சில் வாசித்து, கேட்டுப் பார்த்து, அனுப்பினேன். திங்கள் முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சென்னைப் பெண் கூப்பிட்டார். "அண்டா போயிடுச்சு சார். ஆனா மூணாவது பக்கத்துல உங்க பின்னாடி எங்களால ஓட முடியல. மெதுவா வாசிக்க முடியும்னா நாவல் உங்களுது."

முடியும் என்றேன். அதையும் வேகமாகத்தான் சொன்னேன்.

"நாப்பது அத்தியாயத்தையும் தரையில உக்காந்தேவா?" என்றார் அப்பா.

"ஆமாங்ப்பா."

"காலு மரத்துப் போவும். அப்பப்ப எந்திரிச்சு நட."

மாடிக்குப் போய் முதல் பத்தியை வாசித்தேன். வேகம். இன்னொரு முறை வாசித்தேன். அதுவும் வேகம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முற்றுப்புள்ளிகளில் நின்று நின்று வாசித்தபோது, ஐந்தாவது முறை என் காதுக்கே நிதானமாகப் பட்டது. அப்புறம்தான் ரெக்கார்டிங் பட்டனை அழுத்தினேன்.