உறுதி, ஐயம்

என் கை எழுதியதையும் என் எதிரில் நிகழ்ந்ததையும் மட்டுமே இங்கே பதிவு செய்கிறேன். பிறர் சொல்லக் கேட்டவற்றைச் சேர்த்தால் பழி பலருக்கும் பங்காகிவிடும். அந்தச் சலுகையை நான் எடுத்துக்கொள்வது முறையன்று.

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், செஞ்சியில் எங்கள் வாக்குச்சாவடிக்குரிய கட்சிப் பட்டியலை நான் எழுதிவந்தேன். எழுதுபவர் இன்னார் என்று வெளியே சொல்வதில்லை. ஒவ்வொரு வாக்காளர் பெயருக்கும் எதிரே, அவர் வாக்கு எங்களுக்குத்தானா என்பதைக் கணித்து, 'உறுதி', 'ஐயம்', 'மாற்றார்' என்பவற்றுள் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஏரிக்கரைத் தெருவில் கொத்தனார் ஒருவர் இருந்தார். வாக்குரிமை பெற்ற நாள்முதல் எங்கள் சின்னத்தையன்றி வேறொன்றை அறியாதவர். அவருக்கும் அவர் தெருவாருக்கும் தேர்தல்தோறும் 'உறுதி' என்றே எழுதினேன். வேட்பாளரின் வண்டி 'ஐயம்' மிகுந்த தெருக்களுக்கே சென்றது. குடிநீர்க் குழாயும் அவ்வழியே சென்றது. கொத்தனாரின் மனைவி, மூட்டுவலியோடு, அடுத்த தெருவிலிருந்து குடம் சுமந்தார்.

"இன்னா வாத்தியாரே, இந்தவாட்டியும் வண்டி எங்க தெருவுல திரும்பல? கட்டின பொண்டாட்டிக்கு எவன் பூ வாங்குறான்னு உட்டுட்டீங்களா?" என்று கொத்தனார் ஒருமுறை கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பின்னர் ஒரு காலை, அந்த அம்மையார் குடத்தோடு தடுக்கி விழுந்ததை என் கண்ணாலேயே கண்டேன். அடுத்த தேர்தல் பட்டியலில் அத்தெரு முழுமைக்கும் 'ஐயம்' என்று எழுதினேன். பொய்யென்று அறிந்தே எழுதினேன்.

வண்டி வந்தது. வேட்பாளர் கொத்தனார் வாசலில் கைகூப்பிக் குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னார். உடன் வந்த கிளைச் செயலாளர், தெருவே கேட்கும்படி, "இன்னாய்யா, அந்தப் பக்கம் சாஞ்சிட்டியாமே? லிஸ்ட்டுல உன் பேருக்கு டவுட்டுன்னு போட்டிருக்குது!" என்றார். சிலர் சிரித்தனர்.

வண்டி போனபின், அங்கே நின்றிருந்த என்னிடம் கொத்தனார் வந்தார்.

"கட்சித் துண்டு போட்டுக்கினுதான் வாத்தியாரே நான் தாலியே கட்னேன். என்னப் போயி டவுட்டுன்றானுங்க. எவன் எழுதினான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

குழாய் வந்துவிட்டது. அவர் மனைவி இப்போது வாசலிலேயே நீர் பிடிக்கிறார். கொத்தனார் கட்சிக் கூட்டங்களுக்கு வருவதில்லை. என்னைக் கண்டால் முன்போலவே வணக்கம் சொல்கிறார். வாக்குப்பதிவு நாளன்று அவர் விரலில் மை இருந்ததைப் பார்த்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது எனக்குத் தெரியாது. எழுதியவன் நான் என்பதை அவர் அறிவாரா என்பதும் தெரியாது.