பென்சில் கோட்டிலிருந்து இரண்டு அங்குலம்

ஜவுபரோடு பத்து நிமிடம் கதைத்தால் ஒன்றில் சிரித்துவிடுவீர்கள், இல்லாவிட்டால் சண்டை பிடித்துவிடுவீர்கள். அவர் என் மனைவியின் மூத்த சகோதரர் என்பதால் எனக்கு இரண்டும் நாள்தோறும் கிடைக்கின்றன. கல்முனையில் அவருடைய தளபாடப் பட்டறையும் என் மோட்டார் வைண்டிங் கடையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். வழுக்கை விழுந்தவரிடம் எந்த வயதில் தொடங்கியது என்று கேட்பார். அலுமாரிக்கு ஓடர் கொடுக்க வந்த ஓர் ஆசிரியையிடம் இத்தனை சாரியும் யார் வாங்கித் தந்தது என்று கேட்டு, அந்த ஓடரையே இழந்தவர். ஐம்பத்து மூன்று வயதுக்குள் இந்த மனிதர் வாய்க்குள் அடக்கிவைத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். அது ஒருவனுடைய பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது.

பவிதரன் காரைதீவுக்காரன், முப்பது வயது. கோயில் திருவிழா, கலியாண வீடு என்று போகும் ஓர் இசைக்குழுவில் எட்டு வருடம் பேஸ் கிற்றார் வாசித்தவன். பகலில் நெல் ஆலையில் வேலை. அங்கே ஓடிக்கொண்டிருந்த பெல்ட் அவனுடைய வலக்கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டுபோய்விட்டது. பேஸ் வாசிப்பவனுக்கு அந்த இரண்டும்தான் விரல். குழு ஆறு மாதம் காத்திருந்தது. அதற்குள் கீபோட்காரர் தன் இடக்கையால் பேஸையும் சேர்த்து வாசிக்கப் பழகிவிட்டார். வருகிற சனிக்கிழமை ஒத்திகைக்கு வா, வாசித்துக் காட்டு, சரிவந்தால் திருவிழாக் காலம் முழுக்க நீதான், இல்லாவிட்டால் இனிக் கூப்பிட மாட்டேன் என்று குழுத் தலைவர் சொல்லி அனுப்பினார். அந்த வாரம் பார்த்து அவனுடைய பேஸ் கதிரையிலிருந்து விழுந்து, அதன் மர உடல் இரண்டாகப் பிளந்தது.

கழுத்தும் கம்பி பூட்டும் சாமான்களும் தப்பியிருந்தன. குழுவின் ஸ்பீக்கர் பெட்டிகளைச் செய்து கொடுத்தவர் ஜவுபர். அந்தப் பழக்கத்தில் திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் ஓர் உரப் பையில் போட்டுக்கொண்டு, புது உடல் செய்து தரக் கேட்டு, பவிதரன் மனைவி உசாந்தினியோடு வந்து நின்றான். வலக்கையில் ஒரு லேஞ்சித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தான். இந்த மனிசன் இப்போது வாயைத் திறக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். ஜவுபர் கேட்கவில்லை. அந்தக் கைப் பக்கம் பார்க்கவேயில்லை. தேநீரைக்கூட அவனுடைய இடப்பக்கமாக வைத்தார். அவர்கள் போனபின் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கேக்கப்படா மச்சான். அந்தப் புள்ளைக்கி நோவும்."

எனக்கு அன்று அவர் மேல் ஒரு மரியாதையே வந்தது. எவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்கு மரியாதை கொடுத்தேன் என்பது வியாழக்கிழமைதான் தெரிந்தது.

பிக்கப் என் பங்கு. கம்பிகளுக்கு அடியில் இருந்து அவற்றின் அதிர்வைப் பிடித்து, சத்தத்தைப் பெருக்கும் அம்ப்புக்கு அனுப்பும் காந்தக் கட்டை அது. விழுந்ததில் அதன் உள்ளே கொயில் அறுந்திருந்தது. தண்ணீர்ப் பம்பும் மின்விசிறியும் சுற்றிப் பழகிய கையால், தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான தடவை சுற்றினேன். இரண்டு தடவை நடுவில் அறுந்தது. தட்டிக்கு அப்பால் இருந்து ஜவுபர் சிரித்தார். அவருக்கென்ன, அவருடைய பங்கு பலகை. ஒரு கட்டில் தலைமாட்டுக்கு வைத்திருந்த இரண்டு அங்குலத் தடிப்பான மகோகனிப் பலகை ஒன்றுதான் அவரிடம் கிடந்தது. அப்படி உலர்ந்த பலகை இன்னொன்று கிடைக்க ஒரு வாரமாவது வேண்டும். இதைப் பிழையாக வெட்டினால் சனிக்கிழமைக்கு ஒன்றும் மிஞ்சாது.

வியாழன் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் பவிதரனும் உசாந்தினியும் வந்தபோது உடல் தயார். கழுத்துப் பூட்டி, கம்பி ஏற்றியாயிற்று. பிக்கப்புக்குக் குழி வெட்டும் வேலை மட்டும்தான் மிச்சம். எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. நான் பிக்கப்பை அம்ப்பில் இணைத்து, தலைகீழாகக் கம்பிகளுக்கு மேலே பிடித்து மெல்ல நகர்த்தினேன். ஜவுபர் நகத்தால் கம்பியைத் தட்டினார். கழுத்துக்கு அருகே சத்தம் உருண்டு பருத்து, ஒரு சுரம் மற்றதோடு குழம்பியது. கம்பிகள் முடிகிற இரும்புத் தகட்டுக்கு அருகே மெலிந்து, தகரத்தில் தட்டியது மாதிரிக் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் நிறைவாகவும் தெளிவாகவும் வந்தது. அளந்து பார்த்தால் உடைந்த பேஸில் இருந்த அதே இடம்.

"ஓம் நானா, பழைய இடத்திலயே வெட்டுங்க," என்றான் பவிதரன். உசாந்தினி அவனுடைய முகத்தைப் பார்த்தாள்.

ஜவுபர் பிக்கப்பின் அளவுக்குப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். கம்பிகளை அவிழ்த்தார். உடலை மேசையோடு இறுக்கினார். குழி வெட்டும் மெசினைப் போட்டார். அந்த இரைச்சலில் எங்களுக்கு மூச்சுவிடுவதும் கேட்கவில்லை. அலகு மரத்தைத் தொட ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது. அப்படியே நின்றார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. மெசினை நிறுத்தினார்.

"தம்பி, கையக் காட்டு."

பவிதரனுடைய முகம் கறுத்துப்போனது. "நான் கை காட்ட வரல்ல நானா. பேஸ் செய்யத்தான் வந்த."

"இவ்வளவு நேரமும் என்ட விரலால தட்டித்தான் இடம் பாத்திரிக்கன். சனிக்கிழம வாசிக்கப் போறது நீ. வெட்டிப்போட்டா திரும்ப ஒட்ட ஏலாது."

அவன் விறுவிறென்று வெளியே போய் மோட்டார் சைக்கிளில் சாவியைப் போட்டான். எனக்கு ஜவுபர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று நாள் அடக்கிய வாயை இன்னும் அரை மணித்தியாலம் அடக்கினால் என்ன என்று அவரைக் கடிந்துகொண்டேன். அவர் அவனைக் கூப்பிடப் போகவில்லை. அவிழ்த்த கம்பிகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் திரும்பவும் பூட்டத் தொடங்கினார். உசாந்தினி வாசலில் நின்று, ஆறு மாதமாக அந்தக் கைக்கு மருந்து கட்டியவள் தான் என்றும், இந்த இரண்டு பேரும் பார்க்கக்கூடாத எதுவும் அதில் இல்லை என்றும் அவனுக்குச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. நாலாவது கம்பியை முறுக்கும் சத்தம் கேட்டபோது பவிதரன் உள்ளே வந்தான்.

லேஞ்சியை அவிழ்த்தான். ஜவுபர் நேரே பார்த்தார். பிறகு அவருடைய வழக்கப்படி கேட்டார்: "நோவுதா?"

"மழைக்கு மட்டும்."

பேஸை மடியில் வைத்தான். மோதிர விரலும் சின்ன விரலும் கம்பிகளுக்குக் கீழே மரத்தில் ஊன்றிக்கொண்டன. பெருவிரல் மேலிருந்து கம்பியைத் தள்ளிவிட்டு, மறுபக்கம் உள்ளே இறங்கியது. ஆறு மாதமாக யாருக்கும் காட்டாமல் பழகிய வாசிப்பு அது. நன்றாகவே வாசித்தான். ஆனால் பெருவிரல் ஒவ்வொரு தடவையும் இறங்கியது, சரியாக அந்தப் பென்சில் கோட்டுக்குள். பிக்கப் இருக்கவேண்டிய உயரத்துக்கு ஒரு மரத்துண்டைக் கோட்டுக்குள் வைத்து மறுபடி வாசிக்கச் சொன்னார் ஜவுபர். டொக், டொக் என்று விரல் அதில் இடித்தது. தாளமே தடுக்கி விழுந்தது.

"பழைய பேஸிலயும் இப்பிடித்தான் இடிச்ச," என்றான் பவிதரன். "என்ட கைப் பிழை எண்டு நினைச்சன்."

ஜவுபர் அந்த மரத்துண்டை எடுத்து மூலையில் எறிந்தார். "கையில ஒரு பிழையும் இல்ல. இடம்தான் பிழை."

மறுபடி நான் பிக்கப்பைப் பிடித்தேன், இந்தத் தடவை அவனுடைய பெருவிரலுக்கு. இரண்டு அங்குலம் இரும்புத் தகட்டுப் பக்கம் தள்ளிப் பிடித்ததும் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஜவுபருடைய நகத்துக்குத் தகரமாகக் கேட்ட அந்தப் பக்கம், பெருவிரலின் சதைக்குத் திரண்டு வந்தது. விரல் இடிக்கவும் இல்லை. ஜவுபர் பழைய கோட்டைத் தேய்த்து அழித்தார். புதுக் கோடு போட்டார். குழி வெட்டி முடியும்வரை பவிதரன் மரத்தூளுக்குள் நின்றான், திறந்த கையோடு.

சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ஒத்திகை. ஐந்தரைக்கு ஜவுபருடைய ஃபோன் அடித்தது. அழைத்தது உசாந்தினி. கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை ஒத்திகை மண்டபத்துக்குள் நீட்டிப் பிடித்தாள் போல. ட்ரம்ஸ் கேட்டது. கீபோட் கேட்டது. பேஸ் இல்லை. ஜவுபர் ஃபோனைக் காதோடு அழுத்தினார், மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அவன எடுக்கல்ல மச்சான். நான் வெட்டின இடம் பிழைச்சிட்டு."

இந்தச் சின்ன ஃபோனுக்குள் அவ்வளவு தாழ்ந்த சத்தம் வராது, மோட்டாரோடும் கொயிலோடும் சீவிக்கிற நான் சொல்கிறேன் என்று எத்தனையோ சொன்னேன். அவர் கேட்டால்தானே. பட்டறையைப் பூட்டக்கூட இல்லை. மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சாய்ந்தமருதுச் சந்தியில் ஒரு பஸ்ஸை உரசிக்கொண்டு பறந்தார். நான் உயிர் போகும் நேரத்துக் கலிமாவைச் சொல்லிக்கொண்டு போனேன்.

மண்டபத்தின் பக்கக் கதவு ஒரு தகர ஷட்டர், பாதி இறக்கியிருந்தது. ஜவுபர் அதற்கு ஓர் அடி முன்னால் நின்றுவிட்டார். வீதி முழுக்க ஹோர்ன் சத்தம். உள்ளே பார்க்கப் பயந்துபோய், விழாமல் பிடிக்கிறவர் போல ஷட்டரில் உள்ளங்கையை வைத்தார். தகரம் அதிர்ந்தது. விட்டு, மறுபடி அதிர்ந்தது. தடுக்காமல், ஒரே கணக்கில்.

நான் குனிந்து உள்ளே பார்த்தேன். கீபோட்காரர் இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு வலக்கையால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். உசாந்தினி எங்களைக் கண்டு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். திருவிழாக்கள் எல்லாவற்றுக்கும் பவிதரனுடைய பெயரை எழுதியாயிற்று, உள்ளே வாருங்கள் என்றாள்.

ஜவுபர் ஷட்டரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க தங்கச்சி," என்றார். "இதக் கேட்டுட்டு வாறன்."