ஜன்னல் ஓரமா வண்டியை நிறுத்தச் சொன்ன மர்கரீத் மதாம்

மர்கரீத் மதாம் போய்விட்டார். இன்று காலையில்.

அரியாங்குப்பம் பெண்கள் ஹாஸ்டல் சிஸ்டர்தான் போன் பண்ணினார். "தூக்கத்துலயே போயிட்டாங்கம்மா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. தப்பாக நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். கேன்சர் அவரை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவள் நான்.

தெரியாதவர்களுக்கு... உப்பளத்தில் பிள்ளைகளுக்கு சாயங்கால டியூஷன் நடத்தும் ஒரு சின்ன சங்கம். மதாம் அதில் வேலை பார்த்தவர். பெரிய பதவியெல்லாம் இல்லை. ஒரு ஓட்டை மொபெட், தெருமுனை வரைக்கும் கேட்கும் குரல். அவ்வளவுதான்.

அவர் இல்லையென்றால் நானும் என் தம்பியும் ஆளுக்கொரு ஹாஸ்டலில் வளர்ந்திருப்போம்.

அப்போது நான் ஏழாவது. தம்பி ஒண்ணாவது. அப்பா எங்களை விட்டுப் போய் ரொம்ப நாள். அம்மாவுக்கு டிபி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சித்தி கம்பெனி வேலை முடிந்து இருட்டிய பிறகுதான் வரும், விடிந்ததும் போய்விடும். பகலில் பார்ப்பவர்களுக்கு நாங்கள் அனாதை.

யாரோ தம்பியின் ஸ்கூலில் சொல்ல, ஸ்கூல் குழந்தைகளைப் பார்க்கும் அரசாங்க ஆபீஸுக்குச் சொன்னது. "ஒரு பையன் தனியா இருக்கான்." வேறு யாரோ சர்ச்சில் சொல்ல, அது சிஸ்டர் ஹாஸ்டலுக்குப் போனது. "ஒரு பொண்ணு தனியா இருக்கு."

இரண்டு பக்கமும் நல்ல மனசுதான். ஆனால் நாங்கள் அக்கா தம்பி என்பதே இரண்டு பேருக்கும் தெரியாது!

தம்பியைக் கூட்டிப்போக ஜீப். என்னைக் கூட்டிப்போக வேன். எங்கள் சந்தில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி நின்றன.

"யோவ், ரிவர்ஸ் எடுய்யா."

"நீ எடு. இது சிஸ்டர் வண்டி."

"சிஸ்டர் வண்டின்னா ரிவர்ஸ் கியர் இல்லையா?"

தெருவே சிரித்தது. நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். தம்பி என் பாவாடையைப் பிடித்த பிடியில் நாடாவே அறுந்துவிட்டது. தட்டினார்கள், கொஞ்சினார்கள், பிஸ்கட் காட்டினார்கள். திறக்கவில்லை.

அப்போதுதான் மதாம் மொபெட்டில் வந்தார். தம்பி டியூஷனுக்கு வரவில்லையே என்று பார்க்க வந்தவர்.

ஜன்னலில் எட்டிப் பார்த்து, "கதவத் தொறக்காத. அங்கயே நில்லு, நாங்க பேசறது காதுல வுழணும்" என்றார். வேன் டிரைவரிடம், "ஜன்னல் ஓரமா நிறுத்துப்பா."

ஜீப்பில் வந்த ஆபீசர், தம்பியின் ஸ்கூல் டீச்சர், வேனில் வந்த சிஸ்டர் எல்லாரையும் வேனுக்குள் ஏற்றி உட்காரவைத்தார். அங்கேயே மீட்டிங். பிள்ளைகளைப் பற்றி பிள்ளைகள் காதுக்குக் கேட்காமல் பேசக்கூடாது... அது அவர் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

"இதுங்க அம்மா எந்த வார்டு? எப்ப வரும்?"

ஆபீசர் சிஸ்டரைப் பார்த்தார். "நீங்க விசாரிச்சிருப்பீங்கன்னு..."

"நாங்க சார் விசாரிச்சிருப்பாருன்னு..."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "டிபி வார்டு! சித்தி தெனமும் வருது! யாராவது எங்களக் கேட்டீங்களா?"

ஆபீசரும் சிஸ்டரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

மதாம் அவர்களிடம், "கேட்டாச்சு. இன்னும் என்னா வேணும் உங்களுக்கு? ஆளுக்கு ஒரு வேல ஏத்துக்குங்க" என்றார்.

சித்தி வரும் வரைக்கும் நாங்கள் டியூஷனிலேயே இருப்பது. ராத்திரி சாப்பாடு சிஸ்டர் ஹாஸ்டலிலிருந்து. அம்மா எப்படி இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வந்து எங்களுக்குச் சொல்வது ஆபீசர். எல்லாம் அந்த வேனுக்குள்ளேயே முடிவானது.

ஜீப்பும் வேனும் காலியாகத் திரும்பின. தம்பி ஜன்னலில் நின்று டாட்டா காட்டினான், வெட்கங்கெட்டவன்.

அம்மா குணமாகி வந்தது. இப்போதும் எங்களைத் திட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறது.

பிளஸ் ஒன் பாதியில் நான் படிப்பை நிறுத்தியபோது இதே கூட்டம் மறுபடி வந்தது. சிஸ்டர் வந்து அட்வைஸ். ஆபீசர் வந்து அதே அட்வைஸ். டீச்சரும். மதாம் கடைசியாக வந்து, "மூணு பேரு சொல்லிட்டாங்களா? அப்ப எனக்கு டீ போடு" என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

நான் இன்னும் திரும்பப் போகவில்லை. கூரியர் ஆபீஸில் வேலை. அதைப் பற்றி அவர் கடைசி வரை ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டியை மெதுவா ஓட்டு என்று மட்டும் சொல்வார்.

அவர் படுத்த பிறகு எனக்கு ஒரே பயம்... கல்யாணம் ஆகாதவர், கூட யார் இருப்பார்கள் என்று. முதல் நாள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப் போனேன். பார்த்தால் சிஸ்டர் கையில் ஒரு தூக்கு. ரிடையர் ஆன ஆபீசர் கையில் ஒரு தூக்கு.

"மூணு தூக்கு கஞ்சியா? இத்தன வருஷம் ஒண்ணா மீட்டிங் போட்டு என்னாய்யா பிரயோஜனம்? ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக்க மாட்டீங்க?"

வலியோடு அந்தத் திட்டு. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து விரட்டினார்.

அப்புறம் பேசிவைத்துக்கொண்டோம். கஞ்சி ஒருவர், துணி ஒருவர், ராத்திரி ஒருவர். ஒரு நாளும் அவர் தனியாக இல்லை. இன்று காலையிலும்.

அது போதும் எனக்கு.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே தம்பி சைக்கிளோடு நிற்கிறான். மீசை முளைக்கிறது துரைக்கு. "யக்கா, பசிக்குது, வூட்டுக்கு வர்றியா இல்லியா?" என்று கத்துகிறான்.

கிளம்புகிறேன் மதாம். நீங்களும் நிம்மதியாகப் போங்கள்.