கோடாலிக் காவடி

முதலாளி சொல்கிற பொய்யை இங்கிலீஷில், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடமும், பையர் விடுகிற டோஸைத் தமிழில் முதலாளியிடமும் சேர்த்துவிட்டு, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவனுக்குத் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் என்று பெயர். உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

துணி ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா ஒழிந்த புதிது. பொங்கலுக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் சாவகாசமாகத் திரும்பிக்கொண்டிருந்ததில், போலந்துக்குப் போக வேண்டிய டி-ஷர்ட் ஆர்டர் கப்பலைத் தவறவிட்டது. பையர் மாரெக், "உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டார். அனுப்பினால் கம்பெனி நொடித்துவிடும். அதற்கு முன்னாலேயே என் சீட்டு கிழிந்துவிடும். அடுத்த கப்பல் வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சுவதற்காக முதலாளியைக் கூட்டிக்கொண்டு நானே போலந்துக்குக் கிளம்பினேன். அவரோ தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்தார். மாரெக் எங்களை மலையடிவாரத்தில் முழுக்க மரத்தாலேயே கட்டிய ஒரு ஓட்டலுக்கு அழைத்துப்போனார். பேச்சு சாப்பாட்டுக்கு அப்புறம்தானாம்.

வெள்ளைச் சட்னி

நாங்கள் கேட்காமலேயே ஒரு கூடை ரொட்டியும், மண்சட்டியில் வெள்ளையாக ஏதோ ஒன்றும் வந்தன. முதலாளிக்கு முகம் மலர்ந்தது. "தேங்காச் சட்னியாட்ட இருக்குது கண்ணு, தாளிச்சும் உட்டிருக்கறாங்க" என்று ரொட்டியில் தாராளமாகப் பூசி வாய்க்குக் கொண்டுபோனார். அப்போதுதான் மாரெக், அது பன்றிக் கொழுப்பு, உள்ளே கிடப்பது வறுத்த கறித் துணுக்குகள் என்று பெருமையாக விளக்கினார். நான் பாய்ந்து முதலாளியின் கையைப் பிடித்தேன்.

முதல் ரொட்டியையே மறுக்கிறார்களே என்று மாரெக்கின் முகம் சுருங்கியது. கெஞ்ச வந்தவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? முதலாளி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "முருகன் காப்பாத்திட்டான் கண்ணு. ஆனா வாசம் நல்லாத்தான் இருக்குது."

சைவ சூப்

பூப்போட்ட பாவாடை கட்டிய பரிமாறும் பெண்ணிடம், கறியில்லாமல் ஏதாவது வேண்டும் என்றேன். இப்படி ஒரு நோயை இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை என்பதுபோல் அவள் எங்களை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு புளிக்கவைத்த முட்டைக்கோஸ் சூப்பைக் கொண்டுவந்தாள். நடுவில் ஒரு விலா எலும்பு நின்றது. சுட்டிக்காட்டினேன். மன்னிப்புக் கேட்டு எடுத்துப்போய், அதே கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். மாரெக் மொழிபெயர்த்தார்: "எலும்பை எடுத்துவிட்டாளாம். இப்போது சைவம்தான் என்கிறாள்."

பிடில் நடுவே ரகசியம்

வெள்ளைக் கம்பளிக் கால்சட்டையில் பிடில்காரர்கள் வந்து எங்கள் காதோரமாகவே நின்று வாசித்தார்கள். பாட்டோ, ஒரு மலையிலிருந்து அடுத்த மலையில் இருக்கிறவனைத் திட்டுவதுபோல் இருந்தது. அந்தச் சத்தத்தில் மாரெக்குக்கு எதுவும் கேட்காது, கேட்டாலும் தமிழ் எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில் முதலாளி என் காதில் கத்தினார். "ஸ்டிச்சிங் பெண்டிங்குன்னு சொல்லீராத கண்ணு. பேக்கிங் ஃபினிஷ்டுன்னே மெயிண்டெயின் பண்ணு. டெய்லர்ஸ் லீவுன்னு மூச்சு உட்டுராத."

அவர் முடிப்பதற்குள் பிடில் நின்றுவிட்டது. நம் கம்பெனித் தமிழில் தமிழ் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. மாரெக் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "உங்கள் தமிழ் எனக்கு நன்றாகவே புரிகிறது."

கோடாலி

அதற்குப்பின் நான் மனதுக்குள் பயோடேட்டா எழுத ஆரம்பித்தேன். பிடில் மறுபடி தொடங்க, உள்ளூர் ஆண்கள் நீளக் காம்பு வைத்த சின்னக் கோடாலிகளோடு குதித்து ஆடினார்கள். விருந்தாளியையும் இழுத்துவிடுவது அங்கே வழக்கம்போலிருக்கிறது. முதலாளி கையிலும் ஒன்றைத் திணித்தார்கள்.

அந்நேரம் பழனியில் காவடியோடு இருந்திருக்க வேண்டியவர் அவர். இந்த ஆர்டரால்தான் போக முடியவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. கோடாலியைத் தோளில் குறுக்கே வைத்தார், கண்ணை மூடினார், "அரோகரா" என்றார். ஆரம்பித்தது காவடியாட்டம். பிடில்காரர்கள் கொஞ்ச நேரம் அவர் காலையே பார்த்துவிட்டு, அந்த அடிக்குத் தகுந்த மாதிரி வாசித்தார்கள். பீர்க் குவளையோடு இருந்தவர்களெல்லாம் அரோகரா போட்டார்கள். மாரெக்கும் ஒரு கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஆடினார்.

வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்த மாரெக், முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி, சரக்கு கப்பலிலேயே வரட்டும். அடுத்த தடவை பொய் சொல்வதாக இருந்தால் சுத்தத் தமிழில் சொல்லுங்கள்."

திரும்பும்போது விமானத்தில் முதலாளி என் பக்கம் சாய்ந்தார். "நீ இத்தனை நாளா மெயில் போட்டே. நான் ஒரே ஒரு ஆட்டம் போட்டேன். யாருக்குக் கண்ணு சம்பளம் குடுக்கறது?"

ஆக, சரக்கைத் தைப்பது டெய்லர், காப்பாற்றுவது முருகன், பேர் வாங்குவது முதலாளி. தாமதத்துக்கு விளக்கம் எழுதுவதற்கு மட்டும் மெர்ச்சண்டைசர்.