தேவாரப் பென்டிரைவ்

எங்கள் வீட்டுக் கணினியில் வைரஸ் ஏறியது என்னால் அல்ல. இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் பதினொரு வயதுப் பெட்டை சொல்வதைக் கொக்குவிலில் எந்த வீட்டில் காது கொடுத்துக் கேட்டார்கள்? கணினியில் கேம் விளையாடுகிறவள் நான் ஒருத்திதான். ஆகவே குற்றவாளியும் நான்தான். விசாரணை அவ்வளவோடு முடிந்துவிட்டது.

அக்காவின் படிப்புக்கு என்று சொல்லித்தான் கணினியை வாங்கினார்கள். பிறகு அது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என்று ஆகிவிட்டது. சுவிஸில் அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. இனி இரண்டு பேரும் கணினி வழியாக முகம் பார்த்து நாலு வார்த்தை கதைக்கவேண்டியதுதான் பாக்கி. அந்த நாலு வார்த்தைக்குத்தான் கணினி இடம் கொடுக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் அம்மா அக்காவுக்குச் சேலை உடுத்தி, பூ வைத்து, கணினிக்கு முன்னால் இருத்துவார். திரையில் தன்பாட்டில் ஏதேதோ பெட்டிகள் திறந்து மூடும். கோப்புகள் எல்லாம் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறியைப் போட்டுக்கொண்டு, தொட்டால் திறக்காமல் நிற்கும். மாப்பிள்ளையின் முகம் நெற்றி மட்டும் வந்து அப்படியே உறைந்துபோகும். எங்களுக்கு அந்த நெற்றி நன்றாகப் பழகிவிட்டது.

வைத்தியம் பார்த்தவர் மாமா, அம்மாவின் தம்பி. உரும்பிராயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவார். அதற்குப் பெயர் போர்மற் அடிக்கிறது. அடித்த கையோடு கணினி குதிரை மாதிரி ஓடும். அடுத்த ஞாயிறு பழையபடி நெற்றிதான் வரும். அந்த வெட்கத்தை அவர் என் தலையில் கட்டினார்.

“உவள் கேம் விளையாடுற மட்டும் நான் எத்தினை தரம் அடிச்சும் பிரயோசனமில்லை, அக்கா” என்று அம்மாவிடம் சொன்னார்.

ஒவ்வொரு போர்மற்றிலும் நான் கேமில் பாடுபட்டுக் கட்டிய நகரம் ஒன்று அழிந்துபோவதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொரு தரம் பழுதானால் நான் இனிக் கணினியைத் தொடவே கூடாது என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நான் ஏச்சு வாங்கும் நாட்களில் பின்னேரத் தேத்தண்ணியோடு வரும் தன் பங்கு ரோல்ஸை என் கையில் வைத்துவிட்டுப் போவாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமா அடுத்த தரம் போர்மற் அடித்துவிட்டுப் போனதும், கணினி இருந்த மேசைக்குக் கிட்டவும் போவதில்லை என்று முடிவெடுத்தேன். யார் போகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் போகவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளி விடிய அப்பா முழுகி, விபூதி பூசி, விளக்கேற்றுவார். அக்கா சாமியறையிலிருந்து பென்டிரைவை எடுத்துவந்து கணினியில் செருகுவாள். வீடு முழுக்கத் தேவாரம் கேட்கும். கோயிலடிக் கடை ஒன்றில் அப்பா பாட்டு ஏற்றுவித்த பென்டிரைவ் அது. விபூதித் தட்டத்துக்குப் பக்கத்தில்தான் அதற்கு இருப்பிடம். படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு விழும். மாமா என் பள்ளிக்கூடப் பென்டிரைவைச் சோதித்திருந்தார், கமராவைச் சோதித்திருந்தார். சாமியறையில் இருந்ததைச் சோதிக்க அவருக்குத் தோன்றவேயில்லை. அன்றைக்குத் தேவாரம் முடிந்தபோது திரையில் முதலாவது அம்புக்குறி முளைத்திருந்தது. நான் கண்ணால் கண்டேன்.

ஞாயிறு நெற்றி வந்தது. ஏச்சும் வந்தது. மாமா மறுபடியும் போர்மற் அடித்தார். அடுத்த வெள்ளி விடிய, அக்கா பென்டிரைவோடு வரும்போது மேசைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

“உதைப் போடவேண்டாம். வைரஸ் உதுக்குள்ளைதான் இருக்கு.”

“சாமிப் பாட்டுக்குள்ளை வைரஸோ? போய் வாயைக் கழுவடி” என்றார் அப்பா.

நான் கழுவவில்லை. அக்காவின் கையிலிருந்து அதைப் பறித்து என் சட்டைப் பைக்குள் போட்டேன். மாமா வந்து தன் மடிக்கணினியில் போட்டுப் பார்க்கும்வரை தரமாட்டேன் என்றேன். அப்பா கை ஓங்கினார். ஓங்கட்டும் என்று நின்றேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் தேவாரம் இல்லை.

பின்னேரம் மாமா வந்து அதைச் செருகியதும் மடிக்கணினி சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை காட்டியது. மாமா தலையைச் சொறிந்தார். அப்பா முற்றத்துக்குப் போய்விட்டார். ஒருவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, எனக்கு அது தேவைப்படவும் இல்லை. வளவைச் சுற்றி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அக்கா மட்டும் கிணற்றடியில் வைத்துக் கேட்டாள்.

“உனக்கு இப்ப சந்தோசமோ?”

“ஓம்” என்றேன்.

ஞாயிறு மாப்பிள்ளை முழு முகத்தோடும் வந்தார். மீசைகூட இருந்தது. அம்மா கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னால் ரயில் போனது. மாப்பிள்ளை, “ஹலோ, கேக்குதோ?” என்றார். அக்கா ரயில் போய் முடியும்வரை காத்திருந்தாள்.

“ஓம், கேக்குது. நான் கதைக்கிறது உங்களுக்கும் கேக்குதோ?”

“வடிவாக் கேக்குது.”

“எனக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமில்லை. அப்பாவிட்டைச் சொன்னன், அவர் கேக்கேல்லை. அதுதான் உங்களிட்டைச் சொல்லுறன்.”

அம்மா பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். அப்படி நிறுத்தினால் கணினி பழுதாகிவிடும் என்று நான் கத்தினேன்.

அன்றிரவு வீடு இழவு வீடு மாதிரிக் கிடந்தது. அப்பா சாப்பிடவில்லை, அம்மா அழுதார். அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தன் சேலையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அந்தப் பென்டிரைவில்தான் வைரஸ் என்று அக்கா எனக்கு முன்னமே கண்டுபிடித்திருந்தாள். வெள்ளி தவறாமல் அதைப் பக்தியோடு எடுத்துச் செருகியதும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைக் குழப்பத்தான். இதெல்லாம் அவள் பல வருசம் கழித்துச் சிரித்துச் சிரித்துச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்காக மறுத்துக்கொண்டிருந்த வைரஸை நான் துரத்திவிட்டேன். அதனால்தான் அவள் தன் வாயைத் திறக்கவேண்டி வந்தது.

அன்றைக்கு இது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. அம்மாவிடமும் அப்பாவிடமும் மாறி மாறிப் போய், அக்கா கதைத்தது ஒரு சொல்கூட வெட்டுப்படாமல் சுவிஸ் வரைக்கும் போனதே, கவனித்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.