பஸ்சும் ஒண்ணு, ஜீப்பும் ஒண்ணு

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வளைவில் பாதிச் சாலை மழையில் பெயர்ந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. மிச்சமிருந்த பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம். தார் டிரம்களை வரிசையாக வைத்து, மேல் முனையில் ஒரு ஆள், கீழ் முனையில் ஒரு ஆள் என்று தற்காலிகமாக இரண்டு பேரை வேலைக்குப் போட்டார்கள். மேல் முனை ஆள் நான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. எந்த வேலையிலும் ஆறு மாதம் தரித்ததில்லை. ஏலக்காய்க் கடை, ரைஸ்மில், லாரி ஆபீஸ் என்று எல்லாவற்றையும் மிதித்துவிட்டு வந்திருந்தேன். ஆனால் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. காலையில் மேகம் கீழே பள்ளத்தில் படுத்திருக்கும். பத்து மணிக்கு மேல் சோம்பலாக எழுந்து, என் முழங்காலை நனைத்துக்கொண்டு மேலே போகும். ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று கடந்துபோனால் அந்த வாசனை வளைவிலேயே கொஞ்ச நேரம் நிற்கும். கையில் ஒரு சிவப்புத் துணி, ஒரு பச்சைத் துணி. நான் கையைத் தூக்கினால் மலை நிற்கும் என்று எனக்கு நினைப்பு.

வளைவு மறைப்பதால் மேல் முனைக்குக் கீழ் முனை தெரியாது. அதனால் ஒரு கம்பு வைத்திருந்தோம். காப்பிச் செடியில் வெட்டிய முழ நீளக் கம்பு, நுனியில் சிவப்புத் துணி கட்டியது. நான் ஐந்து வண்டிகளை இறக்கிவிடுவேன். ஐந்தாவது வண்டியில் கம்பைக் கொடுத்தனுப்புவேன். கம்பு கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் என் கூட்டாளி தன் பக்கத்து ஐந்து வண்டிகளை ஏற்றிவிடுவார். அதில் கடைசி வண்டியில் கம்பு என்னிடம் திரும்பி வரும். கம்பு யார் கையிலோ, சாலை அவர் கையில்.

மேலே ஐந்து, கீழே ஐந்து. இந்தக் கணக்கை நான் வேதம் மாதிரி காப்பாற்றினேன். முதலாளி கார் வந்தாலும் ஒன்று, ஓட்டை ஜீப் வந்தாலும் ஒன்று. யாரிடமும் ஒரு பீடிகூட வாங்கவில்லை. ஊரிலேயே நேர்மையான ஆள் நான்தான் என்று மனசுக்குள் ஒரு கொழுப்பு.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி தாண்டியிருக்கும். மேலிருந்து நான்கு ஜீப்புகள், ஐந்தாவதாக ஒரு எஸ்டேட்டுக்காரரின் கார். அதற்குப் பின்னால் ஆறாவதாகப் பஸ். நான்கு ஜீப்புகளை விட்டுவிட்டு, காரின் பின் ஜன்னல் வழியாகக் கம்பை நீட்டினேன். உள்ளே இருந்தவர் தூக்கக் கலக்கத்தில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, கார்ல இருந்து கம்ப வாங்கி எங்கிட்டக் குடு. பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

"அஞ்சு முடிஞ்சிருச்சுண்ணே."

கண்டக்டர் படியிலிருந்து குதித்தே விட்டார். "ஏப்பா, அந்த ஜீப்புல நாலு மூட்டையும் ஒரு டிரைவரும். இங்க நிக்கக்கூட எடமில்லாம அறுபது உசிரு. ஒங்கணக்குல ரெண்டும் ஒண்ணா?"

"ஆமாண்ணே. பஸ்சும் ஒண்ணு, ஜீப்பும் ஒண்ணு."

"ஒனக்குப் போயி செவப்புத் துணியக் குடுத்தாங்ஙெ பாரு!" என்றார் டிரைவர். பஸ்சுக்குள் சிரிப்பு. எனக்குச் சுர்ரென்றது. சிவப்புத் துணியை இன்னும் உயரமாகப் பிடித்தேன். கார் போய்விட்டது.

பஸ்சிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். முப்பது வயது இருக்கும். ஏலக்காய் பறித்த கறை விரல்களில் அப்படியே இருந்தது. காட்டு வேலையிலிருந்து நேராகக் கிளம்பியிருக்கிறாள் என்று தெரிந்தது. என்னிடம் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை.

"எம்புட்டு நேரமாகும் தம்பி?"

"பத்து நிமிசம். கால் மணி."

"போடிக்கு அங்கிட்டு, சிலமலைக்குப் போகணும். என்னப் பெத்த அய்யா தவறிட்டாரு. நாலு மணிக்கு எடுத்துருவாங்களாம். காலையில ஜீப்புக்காரர் வந்து சொல்லித்தான் தெரியும்."

பத்து நிமிடம் என்று நான் சொல்லிவிட்டேன், அவளும் நம்பிவிட்டாள். டிரம்மின் மேல் கையை ஊன்றி, வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து நிமிடம் போனது. கால் மணி போனது. கீழிருந்து ஒரு வண்டிச் சத்தமும் இல்லை. மழை தூறி நின்றது. அரை மணி ஆனபோது பஸ்சுக்குள் சிரிப்பு இல்லை. ஒருவர், "என்னப்பா, கீழ ஒறங்கிட்டானா?" என்று கத்தினார். பஸ்சை விட்டுவிடலாம் என்றால் பயம். பாதி வழியில் எதிரே லோடு ஜீப் வந்துவிட்டால், பிளந்து கிடக்கும் ஓரத்தில் ஏதாவது ஒன்று பின்னால் போக வேண்டும். அந்த ஓரத்துக்குக் கீழே மரங்களின் உச்சிதான் தெரியும்.

"நான் போயிப் பாத்துட்டு வர்றேன்" என்று துணியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். பின்னால் காலடிச் சத்தம். அவள்தான். "நானும் வர்றேன் தம்பி, நீ போ." சேற்றில் எனக்குச் சறுக்கியது, அவளுக்குச் சறுக்கவில்லை. மலைச் சரிவில் நடந்து பழகிய கால்கள். பாதி வழியில் என்னை முந்திவிட்டாள்.

கீழ் முனையில் என் கூட்டாளி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே ஏழெட்டு வண்டிகள்.

"வாங்க மாப்ளே! கம்பு எங்க? அரை மணி நேரமா ஒன்னையத்தான் தேடிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"கார்ல குடுத்துவிட்டேனே!"

"காரா? அவங்ஙெ கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் பறந்துட்டாங்ஙெ. பின்னாடி இன்னொரு வண்டி கம்போட வருதுன்னுல்ல நான் நெனச்சேன்?"

கம்பு போடிக்குப் போய்விட்டது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் மடியில், யாருக்கும் பயனில்லாமல். கம்புக்காகக் கூட்டாளி கீழே காத்திருந்தார், நான் மேலே காத்திருந்தேன், நடுவில் சாலை வெறிச்சென்று கிடந்திருக்கிறது. பஸ் டிரைவர் கேட்டபோது கம்பைக் கொடுத்திருந்தால் அந்த அறுபது பேரும் இந்நேரம் அடிவாரத்தை நெருங்கியிருப்பார்கள்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மணி என்ன?" என்று மட்டும் கேட்டாள். மூன்றாகப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, அவள் அய்யா இறந்த விஷயத்தை எல்லோருக்கும் சொன்னேன்.

வரிசையில் முதலாவதாக நின்றது, எஸ்டேட் கடைக்கு அரிசி ஏற்றி வந்த ஜீப். அதன் டிரைவர் எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாரோ. அடுத்து ஏற வேண்டியது அவர்தான். பீடியைச் சுண்டி எறிந்துவிட்டு, "ஏறு ஆத்தா, வெரசா" என்றார். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் மலைப்பக்கம் ஒட்டி ஒதுங்கின. அந்த இடுக்கில் மூட்டையோடு ஜீப்பை நான்கு முறை முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்பினார். கிட்டத்தட்ட உச்சி வரை ஏறி வந்த சாலையில், அவளை ஏற்றிக்கொண்டு மறுபடி கீழே இறங்கிப் போனார்.

கூட்டாளியிடம் கீழ் வண்டிகளை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு மேலே ஓடி, முதலில் பஸ்சை விட்டேன். கண்டக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. துணியை என் கையில் திணித்துவிட்டு ஏறிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து பஸ் வந்தால் வரிசையை விலக்கிவிட்டு முதலில் அனுப்பினேன். ஜீப்புக்காரர்கள் சத்தம் போட்டார்கள். மேற்பார்வை பார்க்க வந்தவர், "அஞ்சு கணக்கு என்னாச்சு?" என்றார். "இப்பத் தலைய எண்ணுறேன் சார்" என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

இருபது நாள் இருக்கும். கீழிருந்து ஏறிவந்த பஸ் என் முனையில் கம்பைக் கொடுக்க நின்றது. ஜன்னலில் அவள். நான் ஓடிப்போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவளே சொன்னாள்.

"வீட்ட விட்டு எடுத்துட்டாங்க தம்பி. சுடுகாட்டுக்குப் போற பாதி வழியில பாடைய எறக்கித் திருப்பி வைப்பாங்கல்ல, அங்க ஜீப்பு போயி நின்னுச்சு. பொம்பளைக அங்கன வரக்கூடாது. ஆனாலும் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க. மொகத்தப் பாத்துட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "அந்தக் கம்பு கெடச்சுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. வேற வெட்டிக்கிட்டோம்."

"அய்யோ பாவம்" என்றாள். பஸ் நகர்ந்தது. அவள் பரிதாபப்பட்டது கம்புக்காகவா எனக்காகவா என்று இப்போதும் தெரியவில்லை.

சாலை சரியானதும் அந்த வேலை போனது. இன்னும் பல வேலைகள் மாறி, இப்போது மதுரையில் இருக்கிறேன். இங்கே முச்சந்திகளில் சிக்னல் விளக்குக் கம்பங்கள் வந்துவிட்டன. சிவப்பு விழுந்தால் என் ஸ்கூட்டரும் நிற்கிறது, பக்கத்தில் படிக்கட்டு வரை ஆட்களோடு டவுன் பஸ்சும் நிற்கிறது. அந்த விளக்கு எனக்குத் தெரிந்த ஆள்தான். அன்றைய நான். பச்சை விழுந்ததும் ஸ்கூட்டரை ஓரம் ஒதுக்கி, பஸ் முதலில் போகட்டும் என்று நின்றுவிடுகிறேன். பின்னால் ஹார்ன் அடித்துத் திட்டுகிறார்கள். அந்த ஜன்னல்களில் ஏதோ ஒன்றில், நான்கு மணிக்குள் போய்ச்சேர வேண்டிய ஒருத்தி மணி கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.